ஆடியில் மூடும் கடல்

விருத்தாசலம்,
29.6.2003, ஞாயிறு.

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை தேவநாதனும் அமினித் தீவில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது இரண்டரை நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. மீதி அரை நிமிடத்தில் அம்மா ரிசீவரை வாங்கி, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டாள். ஆகவே செய்தி எதையும் நான் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது உன் அம்மாவைப் பற்றியது, அவளோ ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள்.

செய்தி இதுதான். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. காரணம் புவியியல்.

அன்று கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து உன் மாமா பச்சமுத்து ஒரு பலாப்பழத்தோடு வந்தார். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, "பொண்ண அழைக்க என்னிக்குக் கெளம்பறீங்க வாத்தியாரே" என்று கேட்டார். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைக்காமல் விட்ட குடும்பம் நம் இரண்டு பக்கத்திலும் கிடையாது. நம் வீட்டுப் போனில் எஸ்.டி.டி. இல்லாததால், நான் உடனே பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள பூத்துக்குப் போய், கொச்சியில் இலட்சத்தீவுக் கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். சின்னப் படகுகள் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. பெரிய கப்பல் கடல் விட்டால் போகும், விட்டால் வரும். தேதி யாராலும் சொல்ல முடியாது. எப்போது சரியாகும் என்று கேட்டேன். செப்டம்பர் பாதிக்கு மேல் என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சும்மா சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும், அப்போது அரபிக்கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்குப் படகுப் போக்குவரத்து இராது என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ஜூனிலிருந்து செப்டம்பர் என்றால் நடுவில் ஆடி வருகிறதா இல்லையா என்று கேட்டாள். நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டு முறை எண்ணியும் வந்தது. "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்" என்று கேட்டாள். முப்பத்துநான்கு வருடமாக என்று சொன்னேன். உண்மைதானே. அதுதான் அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி.

நீயாவது என்னைப் புரிந்துகொள்வாய். பள்ளிக்கூடத்தில் இருந்தவை ஜூன், ஜூலை. வீட்டில் இருந்தவை ஆனி, ஆடி. ஒரே சுவரை முதுகாகக் கொண்ட இரண்டு வீடுகளை நினைத்துப்பார். ஒன்றின் வாசல் தெற்குத் தெருவில், மற்றதன் வாசல் வடக்குத் தெருவில். முப்பத்துநான்கு வருடம் அடுத்தடுத்து இருந்தும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. என் மண்டைக்குள் பருவக்காற்றும் ஆடி அழைப்பும் அப்படித்தான் குடியிருந்தன. மேலும் நம் ஊர் ஆடியில் என்ன மழையைக் கண்டோம். மணிமுத்தாற்றில் மணல் பறக்கிறது, மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதே காற்றுதான் இது. உங்கள் தீவிலும் கேரளத்திலும் கொண்டுவந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, மலை ஏறி இறங்கி, நம் வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறது. வழியில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளிலேயே பலகாரப் பையைக் காலி செய்துவிட்டுக் கடைசியில் நம்மிடம் வந்து உட்காருகிறவரைப்போல.

மாமாவுக்கு விளக்குவதற்காகக் கூடத்தில் வரைபடம் போட்டேன். நம் பக்கத்துத் தெரு ஸ்டான்லி தன் பட்டறையில் சூளையில் கோணிப்போன பீங்கான் பியூஸ் கட்டைகளைச் சாக்கில் கட்டி வைத்திருப்பார் அல்லவா, அதில் உடைந்த துண்டுகள் பத்து வாங்கி வந்தேன். தீவுகள் முப்பத்தாறு என்றாலும் ஆள் இருப்பது பத்தில்தான், அதனால் பத்து. டிவி ஸ்டாண்டு கொச்சி. ஐம்பது கிலோமீட்டருக்கு ஓர் அடி என்று வைத்தால், அமினி எட்டடி தள்ளிச் சமையலறை வாசலில் வருகிறது. அந்த அளவுக்கு உண்மையில் உன் தீவு ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்க வேண்டும், பீங்கான் துண்டு கொஞ்சம் பெரிசு என்பதையும் சொன்னேன். மாமா டிவியிலிருந்து சமையலறைக்கு மூன்றே எட்டில் நடந்து காட்டி, இதற்கா இவ்வளவு பேச்சு என்றார். பிறகு, ஆகாய விமானம் உண்டாமே என்றார். உண்டு, அது அகத்தித் தீவோடு நின்றுவிடும், அங்கிருந்து அமினி நம்மூரிலிருந்து கடலூர் போகிற தூரம், நடுவில் இருப்பது குறிஞ்சிப்பாடி இல்லை, கடல், என்றேன். அவசர நோயாளிக்கு ஹெலிகாப்டர் வரும் என்றும் சொல்லித் தொலைத்தேன். "அப்ப பாப்பாவ வயித்து வலின்னு படுத்துக்கச் சொல்லுங்க" என்றார். காற்றை அளக்கிற வேலையில் இருக்கும் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றும் கேட்டார். மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அரசு ஊழியருக்கு அழகல்ல என்று நான்தான் பரிந்து பேசினேன்.

நான் கடைசியாக ஒரு வாதம் வைத்தேன். ஆடியில் ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்பதை ஒரு தகப்பன் மகளுக்கு எழுதக் கூடாது. சித்திரை வெயிலைக் கருதிச் செய்த ஏற்பாடு என்பதோடு விடுகிறேன். ஆனால் தீவுக்குக் கடல்சார் காலநிலை. சித்திரையும் ஒன்றுதான், மார்கழியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்த விதி தீவுக்குப் பொருந்தாது என்றேன். அம்மா என்னிடம் பேசாததால் மாமாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். "தலைப்பிரசவம் எங்க நடக்கும்னு கேளு. அங்கியா, இங்கியா." பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து இலட்சத்தீவு முழுவதையும் பெருக்கி முறத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

முகூர்த்தம் குறிக்கும்போது வைகாசி எட்டும் ஆவணிக் கடைசியும் இரண்டும் நன்றாக இருந்தன. அம்மா ஆவணி என்றாள். கோடை விடுமுறையில் வைத்தால் சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு வந்துபோக வசதி என்று நீதான் வைகாசியைச் சொன்னாய். இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று நான் பெருமைப்பட்டேன். இப்போது, "வைகாசின்னு சொன்னது யாரு" என்று மாமா மூலமாகக் கேள்வி வந்தது. நான்தான் என்று சொல்லிவிட்டேன். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

சீர்ப் பையோடு நானே கொச்சிக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி, காற்று என்றைக்குக் குறையும் என்று பார்த்து வைக்கச் சொல். இன்னொன்று. அட்லஸில் அளந்து பார்த்தேன். அமினி நம் வீட்டுக்கு நேர் மேற்கே, அரைப் பாகைகூடக் கீழே இறங்காமல், எழுநூறு கிலோமீட்டரில் இருக்கிறது. நமக்கு மறைகிற சூரியன் இருபத்தாறு நிமிடம் கழித்து உனக்கு மறைகிறது. இதை அம்மாவிடமும் சொன்னேன். அவள் திரும்பாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அன்புடன்,
அப்பா,
கு. சக்கரபாணி.


கொச்சி,
12.7.2003.

அன்பு மகளுக்கு,

கப்பல் அலுவலகத்து வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் அட்லஸை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மழைச்சாரல்.

சேலம் வரை பஸ், அங்கிருந்து ரயில். வேப்பூர் தாண்டுவதற்குள் முறுக்கு டின்னைத் தூக்க வேண்டியதாகிவிட்டது, பக்கத்து சீட்டுக்காரர் அதன்மேல் கால் வைத்திருந்தார். உன் அம்மா கொடுத்தனுப்பியவை: பட்டுப்புடவை ஒன்று, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, முறுக்கு, அதிரசம், ஸ்டான்லி பட்டறையின் பழுப்பு வெள்ளைப் பீங்கான் ஜாடி நிறைய எலுமிச்சை ஊறுகாய். பேசாமல் இருப்பவள் இவ்வளவையும் எப்படிச் சொன்னாள் என்று கேட்பாய். சீட்டில் எழுதி ஜாடி மூடியில் ஒட்டிவிட்டாள். உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்பது கடைசி வரி. அது ஜாடிக்கா எனக்கா என்று தெரியவில்லை.

எர்ணாகுளத்திலிருந்து அலுவலகம் இருக்கும் தீவுக்கு ஒரு படகு விடுகிறார்கள். பத்து நிமிடம். பாதி வழியில் எனக்குத் தலை சுற்றி, பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. கடலைப் பற்றி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் தண்ணீர்மேல் போனது அதுதான் முதல் தடவை. அதுவும் அது கடல் அல்ல, காயல்.

உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம். சுற்றுலா, அரசுப் பணி, வணிகம், பிற. பிற என்பதில் குறியிட்டு, ஆடி அழைப்பு என்று எழுதினேன். மேசைக்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். அவர்களுக்கு அது கர்க்கடக மாதமாம், அவர்கள் ஊரிலும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிற வீடுகள் உண்டாம். மிகவும் அனுதாபப்பட்டார். அனுதாபத்தோடு என் வயதைப் பார்த்தார், அறுபத்திரண்டு. அமினியில் கப்பல் கரைக்கு வராது, பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும், அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் ஏணியிலிருந்து குதிக்க வேண்டும் என்றார். படகு மேலே வரும்போது குதிக்க வேண்டுமாம், கீழே போகும்போது குதித்தால் வேறு கணக்கு. கைக்குட்டைப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். பெண்ணை நீங்கள் கூட்டி வந்தாலும் அவளும் அப்படித்தானே ஏற வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். புரிந்துகொள், கயல்விழி. நான் வரவில்லை. நீயும் இப்போது வர வேண்டாம். மாப்பிள்ளை அழைத்தாலும் அந்த ஏணிப்பக்கம் போகாதே.

கப்பலுக்காக ஒன்பது நாளாக இங்கே காத்திருக்கும் அமினிக்காரர் ஒருவர் பழக்கமானார். முத்துக்கோயா என்று பெயர், என் வயதுதான். மாப்பிள்ளையை நன்றாகத் தெரியும் என்கிறார். தினமும் மாலை காற்றை அளக்கப் பலூன் விடும் மதராசி என்று அடையாளம் சொன்னார். நான் வந்த காரியத்தை அவருக்கு மலையாளம் மாதிரியான தமிழில் விளக்கினேன். அவர் வெகுநேரம் சிரிக்காமல் கேட்டுவிட்டு, பெண்ணை முதலில் ஏன் அனுப்பினீர்கள் என்றார். அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டை விட்டு நகர மாட்டாளாம். புருஷன்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் வீட்டுக்கு நடந்து வந்து, காலையில் தன் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அவர் நாற்பது வருடம் நடந்திருக்கிறார். தீவு சின்னது, அதனால் கால் வலிக்காது என்றார். இதை உன் அம்மா கேள்விப்பட்டால் நம் குடும்பமே அமினிக்குக் குடிபோக வேண்டிவரும்.

சீர்ப் பொருளை அவரிடம் கொடுத்திருக்கிறேன். கப்பல் என்றைக்குப் போகிறதோ அன்றைக்கு வரும். ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு குதிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். முறுக்கில் ஒரு பகுதியை மேசைக்காரருக்கும் ஒரு பகுதியை முத்துக்கோயாவுக்கும் கொடுத்தேன், குறைந்தால் கோபப்படாதே.

இன்று இரவு ரயில். உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று சேலம் வரை யோசிக்கலாம்.

அன்புடன்,
அப்பா.


விருத்தாசலம்,
3.8.2003, ஆடிப்பெருக்கு.

அன்பு மகளுக்கு,

ஆடி பதினெட்டு ஆகிவிட்டது. இன்று மணிமுத்தாற்றுக்கு அம்மா போனாள். தண்ணீர் இல்லாததால் ஊற்றுத் தோண்டி, அதற்குப் பூப் போட்டுவிட்டு வந்தாள். உன் பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் சேர்த்துத்தான். ஜாடி வந்து சேர்ந்ததா என்பதற்கு இன்னும் தகவல் இல்லை.

நான் கொச்சியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதை அம்மா ஒன்றும் கேட்காமல் பார்த்தாள். அம்மா மட்டும் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, பொண்ணு வரவில்லையா என்று நாலு பேர் கேட்டார்களாம். கடல் சரியில்லை என்று அவளே சொன்னாளாம். அதில் ஒரு அம்மாள், "வாத்தியாருக்குத் தெரியாத கடலா" என்றாளாம், மாமா சொன்னார். வந்ததும் அம்மா எனக்குத் தட்டு வைத்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்துகொண்டது.

இப்போது முக்கியமான விஷயம். இதைத் தனியாக இருக்கும்போது படி.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, பரணில் இருந்த என் பழைய பாடக்குறிப்புகளை எடுத்தேன். பருவக்காற்றை நான் உண்மையிலேயே எப்படித்தான் நடத்தினேன் என்று பார்க்கும் ஆசை. அந்தக் கட்டில், மங்கலம்பேட்டைப் பள்ளியில் நீ என் வகுப்பில் ஒன்பதாவது படித்தபோது எழுதிய காலாண்டுத் தேர்வுத் தாள் இருந்தது. மகள் தாள் என்று அப்போது பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஏழாம் கேள்வி, இலட்சத்தீவுகள், சிறு குறிப்பு வரைக. பவளத் தீவுகள் என்று தொடங்கி, எண்ணிக்கை, பரப்பு, தென்னை, சூரை மீன் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாய். அதன்பின், ஜூன் முதல் செப்டம்பர் வரை படகுப் போக்குவரத்து நின்றுவிடும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை நீயே சேர்த்திருக்கிறாய்: 'அக்காலத்தில் தீவில் இருப்பவரை யாரும் வந்து அழைத்துச் செல்ல முடியாது.' அதை நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, சொந்த நடை, நன்று என்று எழுதியிருக்கிறேன்.

கயல்விழி, எனக்கு மறந்துபோனது உனக்கு மறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கோடை விடுமுறை, சொந்தக்காரர்கள் வசதி, பிள்ளைகள் வந்துபோவது எல்லாம் நீ சொன்ன சாக்கு. நிச்சயத்துக்குப் பிறகு நாலு மாதம் நீ சாயங்காலமானால் பூத்துக்குப் போய் வந்ததும் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையும் அலுவலக அலமாரியில் இருக்கும் காற்றுக் கணக்கைப் பார்க்காமலா இருந்திருப்பார். இருவரும் சேர்ந்து போட்ட கணக்கில் நான் மட்டும் வழிமுறை தெரியாமல் விடையை எழுதியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. கால் மணி நேரம் இருந்தது. அதன்பிறகு, தேதி முதலாகச் சரியாகப் பார்த்துக் குறித்த மாணவியிடம் என்ன குறை காண முடியும் என்று தோன்றியது. தாளைப் பென்ஷன் புத்தகத்துக்குள் செருகி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். வைகாசி என்று சொன்னது நான்தான் என்பது அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, ஒன்றாம் தேதிக்குப் பென்ஷன் புத்தகத்தை எடுத்துவைப்பதற்காக அம்மா பீரோவைத் திறந்தாள். எல்லா மாதமும் அவள்தான் எடுத்துவைப்பாள் என்பதை நான் யோசிக்கவில்லை. ஜூன் செப்டம்பருக்குள் ஆடி வரும் என்பதை யோசிக்காதவன்தானே. நான் முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளோடு வெளியே வந்து என் எதிரில் நின்றாள். முப்பத்தாறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டது யாரு?"

நான்தான் என்றேன். இந்தத் தடவை அது பொய் இல்லை.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "உங்க பொண்ணுதானே, ஒங்களாட்டம் ஏமாளியா இருப்பான்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தான் மூன்றாவது படித்தபோதே இவ்வளவு தெரிந்திருந்தால் தானும் எங்காவது தீவுக்கு வாக்கப்பட்டிருக்கலாம் என்றாள். எங்கள் கல்யாணமும் வைகாசியில்தான் நடந்தது என்பது உனக்குத் தெரியும். அந்த ஆடிக்கு அவளை அழைத்துப்போக உன் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவில் கடல் எதுவும் இல்லை.

முத்துக்கோயா சொன்ன வழக்கத்தை அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். நான் நினைத்ததுபோலக் குடிபோவதைப் பற்றி அவள் பேசவில்லை. அந்த ஊர்ப் பெண்களைப் பெற்றவர்களுக்குச் சாயங்காலத்தில் வீடு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

இப்போதெல்லாம் மாலை ஆறே முக்காலுக்கு இங்கே இருட்டியதும் விளக்கேற்றுகிறாள். ஏற்றிவிட்டு ஏழு பத்து வரைக்கும் மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவதில்லை. கொசு வருகிறது என்று சொன்னேன். வரட்டும் என்றாள். இருபத்தாறு நிமிடம் என்று நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கடல் செப்டம்பர் பாதியில் திறந்துவிடும். நம் கணக்குக்கு ஆவணி கடைசி, புரட்டாசி முதல். முதல் கப்பல் கூட்டமாக இருக்கும், இரண்டாவது கப்பலில் வா. படகு மேலே வரும்போதுதான் கால் எடுத்துவைக்க வேண்டும், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள். அவருக்கு விடுப்பு கிடைக்காவிட்டாலும் நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். தாளை அம்மாதான் வைத்திருக்கிறாள், எங்கே என்று எனக்கே தெரியாது.

உன் அறைக்கு அம்மா புது சீலிங் ஃபேன் போட்டிருக்கிறாள். ஆடிக் காற்று இப்படி அடிக்கும்போது எதற்கு என்று கேட்டேன். "சித்திரைக்கு" என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, நீயும் பதில் எழுத வேண்டாம். ஸ்டான்லி தன் கையாலேயே நல்ல பியூஸ் கட்டை ஒன்று கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். ஃபேன் நன்றாக ஓடுகிறது. அம்மா தினமும் மத்தியானம் அந்த அறைக்குப் போய், ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கிறாள். ஒரு மணி நேரமாவது பார்க்கிறாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்து வாழ வேண்டும். கப்பல் தேதி தெரிந்ததும் ஒரு வரி எழுது. தமிழ்த் தேதியும் போட்டு எழுது.

என்றும் அன்புடன்,
அப்பா, அம்மா.